‘இல்லை’ என்ற அறிக்கை ஏற்கப்படாது

“மசூரெண்டு எழுதுங்க ஜெமீலா. சின்ன வயசு, தாங்குவான்—”

“அவன் வந்து ஒரு மாசம் ஆகல்ல சீஃப், அதுக்குள்ள எங்கால துவேசம்—”

“அப்ப நூஹுவப் போடுங்க—”

“நூஹு அவள ஒவ்வொரு நாளும் ஜீப்புல ஏத்திட்டுப் போறான், ஊரே பாக்குது—”

“அப்ப நீங்கதான்.”

“என்ட பேர எழுதுறெண்டா இந்த டைப்ரைட்டர நீங்களே தட்டுங்க.”

சண்டை என்றால் எங்கள் விவசாயத் திணைக்களக் கந்தோரில் இவ்வளவுதான் சேர். பதினெட்டு வருஷம் அங்கே இருந்தேன், இதைவிடப் பெரிய சத்தம் கேட்டதில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். மாரி காலம், சுருக்காக ஆறிவிடும்.

உங்கள் விசாரணைக் கோவையில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. 1979 ஒக்டோபரில் கூலியாள் அன்னப்பிள்ளை, தானாகக் கேட்டுத்தான் இறக்காமத்துக்கு மாற்றம் பெற்றாளா, இல்லையா. அவளுடைய மகள் இல்லையென்கிறாள். கடிதம் ஆம் என்கிறது. கடிதத்தில் அன்னப்பிள்ளையின் கையெழுத்து இருக்கிறது. கடிதத்தை அச்சடித்தவள் நான். அதனால் ஐந்து வருஷம் கழித்து இந்த மழையில் கல்முனைக்கு என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். பதில் சொல்வேன். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் நியாயம் விளங்கும்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்திருக்கிறார். திணைக்களத்தின் ஒவ்வொரு கந்தோரிலும் இனப் பாகுபாட்டை ஒழிக்க வேண்டுமென்று சுற்றுநிருபம் வந்தது. பன்னிரண்டு பக்கம். பின்னால் ஒரு படிவம், அதில் நாலு நிரல். பாதிக்கப்பட்டவர், பாகுபாடு காட்டியவர், நடந்தது என்ன, எடுத்த நடவடிக்கை என்ன. மாதம் முடிய அனுப்ப வேண்டும்.

நாங்கள் நாலு நிரலிலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினோம். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தோம். அது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘இல்லை என்ற அறிக்கை ஏற்கப்படாது. பாகுபாடே இல்லாத அலுவலகம் இருக்க முடியாது. தேடிப் பார்க்கவும்.’ அடுத்த மாதமும் இல்லையென்றே அனுப்பினோம். அந்தத் தடவை எங்கள் மேலதிகாரி ரத்நாயக்க சேரை அம்பாறைக்கு அழைத்து, மற்றக் கந்தோரெல்லாம் கண்டுபிடித்துவிட்டது, உங்களுக்கு மட்டும் கண் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து என் மேசையருகே நின்றார். நல்ல மனிதர், தமிழ் கதைப்பதற்கு ஆசைப்படுகிறவர்.

“மிஸ், ஒண்டு தேடிக் குடுங்க. பெரிசு வேணாம். சின்ன ஒண்டு போதும்.”

முதல் நிரலில் கஷ்டம் இருக்கவில்லை. கந்தோரில் ஆறு பேர். ரத்நாயக்க சேர் சிங்களவர், அவர் மேலதிகாரி. சீஃப் என்று நாங்கள் கூப்பிடுகிற பிரதம லிகிதர் கலந்தர், நான், மருதமுனையிலிருந்து புதிதாக வந்த கிளார்க் மசூர், டிரைவர் நூஹு எல்லோரும் எங்கள் ஆட்கள், முஸ்லிம்கள். மிஞ்சிய தமிழ் ஆள் அன்னப்பிள்ளை ஒருத்தி. சொறிக்கல்முனைக்காரி. கூட்டித் துடைத்து, தண்ணீர் அள்ளி, தேத்தண்ணி ஊற்றித் தருகிறவள். நாட்கூலி. அவளைத் தவிர வேறு யார் பாதிக்கப்பட முடியும்?

இரண்டாம் நிரலில்தான் நான் முதலில் சொன்ன சண்டை. அதைத் தீர்த்ததும் நான்தான். யாருக்கும் மனத்தாங்கல் வராமல், வெள்ளிக்கிழமைக் கடமைக்கு முறை போடுவதுபோல இதற்கும் ஒரு முறை போட்டேன். ஜூலை மசூர், ஆகஸ்ட் நூஹு, செப்டம்பர் கலந்தர், ஒக்டோபர் நான். நானே அச்சடித்தபடியால் என்னைக் கடைசியில் போட்டுக்கொண்டேன். அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். ரத்நாயக்க சேர் ஒப்பம் வைத்தார்.

அன்னப்பிள்ளையைக் கூப்பிட்டு விளக்கினேன். அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“எனக்கு ஆரும் ஒண்டும் செய்யல்லயே மிஸ்.”

“செய்வாங்க. நீ கையெழுத்துப் போட்டாக் காணும்.”

“போட்டா, அந்த நிரந்தர லிஸ்டுல என்ட பேர் வாறத்துக்கு உதவியா இரிக்குமா?”

உதவியாக இருக்கும் என்றேன். அந்த லிஸ்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் சேர். ஒரே நிலையத்தில் இடைவெளி இல்லாமல் பத்து வருஷம் வேலை செய்த நாட்கூலிக்காரரை நிரந்தரமாக்குவது என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. 1979 டிசம்பர் முப்பத்தொன்றில் லிஸ்டை மூடுவார்கள். அன்னப்பிள்ளை 1969 நத்தாருக்கு முதல் கிழமை வந்தவள். கணக்கு டிசம்பரில்தான் நிறையும். புருஷன் இல்லை. ஒரு மகள், கலியாணம் பேசியிருந்தது. நிரந்தரமென்றால் பென்ஷன் உண்டு, மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு சொல் உண்டு. அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். கந்தோர்க் கலண்டரில் அவள்தான் தாள் கிழிப்பாள், வேறு யாரும் கிழிக்க விடமாட்டாள்.

இனி மூன்றாம் நிரல். நடந்தது என்ன? நான் ஏதாவது ஒன்றை எழுதிவிடலாம் என்றேன். கலந்தர் சம்மதிக்கவில்லை. ஐந்து நேரமும் பள்ளிக்குப் போகிற மனிதர்.

“பொய் எழுத ஏலா ஜெமீலா. மறுமையில ஆர் பதில் சொல்ற?”

ஆகவே எழுதுவதற்கு முதல் அது மெய்யாக நடக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. இரண்டு சாட்சிகள் முன்னால். கேட்கும்போது சிரிப்பு வரும். நாங்களும் சிரித்தோம். ஜூலை பத்தொன்பதாம் திகதி பத்தரை மணிக்கு மசூர் அவளை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேச வேண்டும். அந்தப் பிள்ளை அதுவரை தன் தறிக்காரத் தகப்பனைத் தவிர வேறு யாரிடமும் ஏச்சு வாங்கியதுமில்லை, கொடுத்ததுமில்லை. எழுந்து நின்றான். காது சிவந்துவிட்டது. வாய்க்குள் ஏதோ முனகினான். கலந்தர் காதில் கைவைத்துக்கொண்டு கேட்கவில்லையென்று தலையை ஆட்டினார்.

அன்னப்பிள்ளைதான் உதவிக்கு வந்தாள். “தம்பி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. சீஃபுக்குக் கேக்கல்ல.”

அவன் மறுபடி சொன்னான். கேட்டது. எழுதினேன். பிறகு நாலாம் நிரல், எடுத்த நடவடிக்கை. அவன் மன்னிப்புக் கேட்டான், அவள் மன்னித்தாள், எல்லோரும் இருந்து தேத்தண்ணி குடித்தோம். தேத்தண்ணி அவள்தான் ஊற்றினாள். எங்களுக்குத் தந்துவிட்டு, பின் படிக்கட்டில் போயிருந்து தன்னுடையதைக் குடித்தாள்.

ஆகஸ்டில் நூஹு. தினமும் அவளைச் சந்தி வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறவன். அவன் எங்களோடு சேர முதலில் மறுத்தான். ஒருநாள் ஏற்றாமல் விட்டால் போதும், ஒரு நாள்தானே என்றேன். அன்றைக்குப் பார்த்து மழை. அவள் நனைந்துகொண்டு நடந்தாள், நாலு நாள் காய்ச்சல். வேலைக்கு வராத நாலு நாளுக்கும் கூலி இல்லை. நூஹு அவள் வீட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. அதை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை, அதற்கு நிரல் கிடையாது.

செப்டம்பரில் கலந்தர். இரண்டு ரக்காஅத் சுன்னத்துத் தொழுதுவிட்டு வந்து ஏசினார். வயதான மனிதர், சொற்களில் அனுபவமுள்ளவர். மசூரைப்போல் இல்லை. அவர் ஏசி முடித்ததும் அன்னப்பிள்ளை கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, “இதுக்குள்ள மெய் ஏதும் இரிக்கா சீஃப்?” என்று கேட்டாள். கலந்தர் தொப்பியைக் கழற்றித் தட்டினார்.

கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. முன்மாதிரி நிலையமாம். அக்கரைப்பற்றிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் எங்கள் முறைப் பட்டியலின் பிரதி கேட்டு எழுதினார்கள். கார்பன் வைத்து அடித்து அனுப்பினேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும். மசூர் தன் மாதம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. தேத்தண்ணியில் சீனி குறைந்தால் சொல்வான், மேசையில் தூசி இருந்தால் சொல்வான். நாக்குப் பழகிவிட்டது. இப்போது காது சிவப்பதில்லை. அறிக்கை முடிந்துவிட்டது மகன், இனித் தேவையில்லை என்று ஒருநாள் சொன்னேன். “என்ன மிஸ்?” என்று கேட்டான். எதைச் சொல்கிறேனென்று அவனுக்கு விளங்கவில்லை.

இனி ஒக்டோபர்.

என் முறை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள் நான். புருஷன் மௌத்தான பிறகு முக்காடு போட்டுக்கொண்டு அந்தக் கந்தோர்ப் படியேறின முதல் பொம்பிளை. முதல் ஆறு வருஷம் என் மேசையை அலுமாரிக்குப் பின்னால் போட்டிருந்தார்கள், வருகிறவர்கள் காணக்கூடாதென்று. ஒதுக்கி வைப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவளின் சேவைக் கோவையில், பென்ஷனுக்கு நாலு வருஷம் இருக்க, ‘பாகுபாடு காட்டியவர்’ என்ற நிரலில் பெயர் ஏறுவது சரியா? நீங்களே சொல்லுங்கள்.

என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்த கிழமையில் அன்னப்பிள்ளை தானாக வந்தாள். கையில் விளக்குமாறு. முகத்தில் ஒரு தெளிவு.

“மிஸ், இந்த மாசம் உங்கட முறயாம். நீங்க ஏசிக் கஷ்டப்பட வேணாம். புதுசா ஒண்டும் செய்யத் தேவல்ல.”

“என்னகா சொல்றாய்?”

“அந்தப் பேணி இரிக்குதானே. அத எழுதுங்க.”

பேணி என்று அவள் சொன்னது, ரின்பால் முடிந்த தகரத்தை விளிம்பு தட்டிக் கம்பியில் காது வைத்தது. பின் கதவு ஆணியில் தொங்கும். அவள் அதில்தான் தேத்தண்ணி குடிப்பாள். அவள் வந்த முதல் நாள் நான்தான் அதைச் செய்வித்துக் கொடுத்தேன், அவளுக்கென்று ஒன்று இருக்கட்டுமே என்று. மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை.

“பேணில என்ன இரிக்கி?”

“எனக்கு முதல் இந்த வேலையில சபியா உம்மா எண்டு ஒரு ஆள் இருந்தவதானே. அவ குடிச்ச பீங்கான் கோப்ப அலுமாரில கவுத்தபடி இரிக்கி மிஸ். பத்து வருஷமா நான்தான் அதக் கழுவித் துடைச்சி வைக்கிறன்.”

“அது பழக்கம்கா. அதுக்குப் பேர் துவேசமில்ல.”

“இரிக்கட்டும் மிஸ். மத்த மூணும் நடிச்சது. இது ஒண்டுதான் மெய். சீஃபும் மெய்தானே கேக்காரு.”

ஜீப்புச் சாவியோடு வாசலில் நின்ற நூஹு, “அவ சொல்றது சரிதானே மிஸ், அத எழுதினா வேல முடிஞ்சி” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடப் பழக்கியவள் நான். எழுபத்து மூன்றில், மத்தியானச் சோற்று நேரங்களில், என் பென்சிலைக் கொடுத்து. அவளுக்குத் தன் பெயரின் அந்த ஏழு எழுத்து மட்டும்தான் எழுதவும் வாசிக்கவும் தெரியும். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து இதைச் சொல்கிறாளே என்று மனம் கொஞ்சம் நொந்தது, அவ்வளவுதான். நொந்த மனத்தோடு சுற்றுநிருபத்தை முதலிலிருந்து வாசித்தேன். ஒன்பதாம் பந்தியில் பதில் இருந்தது. ‘மூன்று தடவை பாகுபாட்டுக்கு உள்ளான ஊழியர் விரும்பிக் கேட்டால், அவரது நன்மை கருதி, பாகுபாடு இல்லாத நிலையத்துக்கு உடனே மாற்ற வேண்டும். மாற்றினால் அந்த மாத அறிக்கை தேவையில்லை.’

பாகுபாடு இல்லாத நிலையம் எங்களிடம் ஒன்று இருந்தது. இறக்காமத்தில், குளத்தோரம், விதைநெல் களஞ்சியம். இரண்டு வருஷமாக அங்கே காவலுக்கு ஆள் இல்லை. போடுகிறவர்கள் யானைக்குப் பயந்து நிற்பதில்லை. ஆளே இல்லாத இடத்தில் யார் யாருக்குப் பாகுபாடு காட்டுவது? சுற்றுநிருபத்தின்படி அதைவிடப் பொருத்தமான இடம் இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

கடிதத்தை அச்சடித்தேன். ‘கீழே ஒப்பமிடும் நான், என் சொந்த விருப்பத்தின்பேரில், இறக்காமம் களஞ்சியத்துக்கு மாற்றம் தருமாறு பணிவாகக் கேட்கிறேன்.’ ஆறு வரி. அன்னப்பிள்ளையைக் கூப்பிட்டு, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுடைய பேணியைப் பற்றி வாசித்தேன். ஓம் சேர். தாளில் இல்லாததை வாசித்தேன். ஆணியைப் பற்றி, படிக்கட்டைப் பற்றி, சபியா உம்மாவின் கோப்பையைப் பற்றி. நன்றாகத்தான் வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“பத்து வருஷம் எண்டும் சேருங்க மிஸ்.”

சேர்த்து வாசித்தேன். பென்சில் பிடிக்கப் பழக்கினபோது சொல்லிக்கொடுத்த மாதிரியே, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். போட்டுவிட்டு, “உங்களுக்குக் கஷ்டம் ஒண்டும் வராதே மிஸ்?” என்று கேட்டாள். வராது என்றேன். நாற்பது கடிதங்களுக்கு நடுவில் வைத்து ரத்நாயக்க சேரிடம் அனுப்பினேன். ஒப்பம் வந்தது. நவம்பர் முதலாம் திகதி போக வேண்டும்.

நிலையம் மாறினால் பத்து வருஷக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். அந்த விதியை அச்சடித்தவளும் நான்தானே. இரண்டு மாதம் குறைவு. பிறகு அந்த நிரந்தர இடத்துக்கு என் ராத்தாவின் மகள் மைமூனா வந்தாள். அது இதோடு சேர்ந்த விஷயமல்ல. இடம் காலியாக இருந்தது, பிள்ளை வீட்டில் சும்மா இருந்தாள். அலுமாரியில் கவிழ்த்திருந்த கோப்பைக்கும் ஒரு ஆள் கிடைத்தது.

மாற்றக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்று அன்னப்பிள்ளை அழவில்லை. நூஹுவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அவன் வாசித்தான். அவள் என் மேசைக்கு வந்தாள். கடிதத்தை என் டைப்ரைட்டரின் மேல் வைத்தாள். பிறகு பின் கதவுக்குப் போய் ஆணியிலிருந்து பேணியை எடுத்துக்கொண்டு, அன்றைய தாளைக் கலண்டரில் கிழித்துவிட்டுப் போனாள்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் இறக்காமத்திலிருந்து அறிக்கை நான்தான் தயாரித்தேன். நாலு நிரலிலும் ‘இல்லை’. அந்த ஒரு நிலையத்திலிருந்து மட்டும் இல்லையென்றதைக் கொழும்பு ஏற்றுக்கொண்டது. ஆள் எண்ணிக்கை ஒன்று என்று போட்டிருந்தபடியால் அவர்களுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

பெப்ரவரியில் வேளாண்மை வெட்டி நெல் உள்ளே வந்ததும் யானை வந்தது. சுவரை அவள் மேல் தள்ளியிருக்கிறது. விடிந்து தண்ணீர் கட்டப் போனவர்கள் கண்டிருக்கிறார்கள். ஜீப்பைக் கொண்டுபோய் அவளைச் சொறிக்கல்முனைக்குக் கொண்டுவந்தவன் நூஹு. அவன் அதற்குப் பிறகு கந்தோரில் தேத்தண்ணி குடிப்பதை விட்டுவிட்டான், அவனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். அவளுடைய சாமான்களுக்கு நான் லிஸ்ட் அடித்தேன். பாய் ஒன்று, சேலை இரண்டு, பேணி ஒன்று. பேணி அரச சொத்தல்ல என்றபடியால் மகளிடம் கொடுக்கச் சொல்லி எழுதினேன். அந்த மாத அறிக்கையிலும் ‘இல்லை’ என்றுதான் போட்டேன். யானை இனம் பார்ப்பதில்லை. கலந்தர் உயிரோடிருந்தால் அவரும் இதில் பொய்யில்லை என்பார்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அன்னப்பிள்ளை மாற்றம் கேட்கவில்லை. நான் கேட்டேன், அவள் பெயரில். அவளுக்குத் தெரியாத எழுத்தில் எழுதி, அவள் சொன்னதையே வாசிப்பதாகக் காட்டி, ஒப்பம் வாங்கினேன். அங்கே யானை வருமென்று தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மகளுக்கு நட்டஈடு கிடைக்குமென்றால் நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

ஆனால் காரணம் என்ற இடத்தில் துவேசம் என்று மட்டும் எழுத வேண்டாம். அது என்னிடத்தில் இல்லை. நீங்கள் தம்பிலுவில் தமிழ் ஆள் என்று படலையிலேயே சொன்னீர்கள். கதவைச் சாத்தினேனா? உள்ளே கூட்டிவந்து, என் வீட்டுக் கதிரையில் இருக்கவைத்து, நானே ஊற்றிக்கொண்டு வந்தேன். என் கோப்பை எப்போதோ முடிந்துவிட்டது. நீங்கள்தான் வந்த நேரந்தொட்டு, எழுதுவதை விட்டுவிட்டு, உங்களுடையதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

“குடிங்க சேர், கூச்சப்படாதீங்க. அது பழசில்ல, நீங்க வாறீங்கெண்டு உங்கட பேரோட கடிதம் கிடைச்ச அண்டே சந்தையில உங்களுக்கெண்டு வாங்கின புதுப் பேணி.”